வண்டியின் உசுரு இருக்கிற இடம்

மாடசாமி கோயில் வளைவில் கார் மறுபடியும் நின்றது.

அதுவும் எப்படி? ஏற்றத்தில், தூறலில், பின்னால் தெரணியகலை பஸ் முட்டிக்கொண்டு வரும் நேரத்தில். மொறிஸ் மைனர் நாலு வெட்டு வெட்டியது, ஒரு தடவை விக்கியது, அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. சுரேந்திரன் சாவியைத் திருகினான். மோட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தான்.

"சனியனே! நேத்துத்தானே கராஜ்லருந்து வந்த? ஒனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்!"

கார் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கோகிலாவும் ஒன்றும் சொல்லவில்லை. கார் பேசாமல் இருப்பதையாவது அவனால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

பஸ் டிரைவர் ஹோர்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அயின் கரண்ன மல்லி, அயின் கரண்ன!" என்று சிங்களத்தில் கத்தினார். ஓரமாக்க வேண்டுமென்றால் தள்ள வேண்டும். கோகிலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்க்க, தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியின் ஸ்டோர்கீப்பர் சுரேந்திரனும் அவர் சம்சாரமும் காரைத் தள்ளினார்கள். அதோடு முடிந்ததா? எதிரே கொழுந்து லொறி வந்தது. லொறி ஓட்டும் மூக்கையா வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்.

"என்னாங்க ஸ்டோர்கீப்பர் ஐயா, காரு ஒங்கள கூட்டிட்டுப் போகுதா, நீங்க கார கூட்டிட்டுப் போறீங்களா?"

"போங்கய்யா, போய் ஒங்க வேலையப் பாருங்க!"

அந்தச் சிரிப்புச் சத்தம் லொறி வளைவைத் தாண்டிய பிறகும் கேட்டது.

சுரேந்திரன் பொனட்டைத் திறந்து பார்த்தான். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மூடினான். சிகரட் ஒன்று பிடித்தான். பிடித்து முடித்துவிட்டு, வெறுப்பில் சாவியைத் திருகினால், பாவி, முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது! ஒன்றுமே நடக்காத மாதிரி குர்ரென்று ஓடியது. அதுதான் கொடுமை. ஒரேயடியாகச் செத்துப் போனால் பழைய இரும்புக்குப் போட்டுத் தலைமுழுகி விடலாம். இது சாகவும் மாட்டேன் என்கிறது, வாழவும் மாட்டேன் என்கிறது.

"திங்கக்கிழமையும் இப்படித்தான் நிக்குங்களா?" என்று கோகிலா கேட்டாள். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

திங்கட்கிழமைதான் அவளுடைய நேர்முகப் பரீட்சை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டு, போன மாதம் இரத்தினபுரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுரேந்திரன்தான் இந்தக் காரில் கூட்டிக்கொண்டு போனான். இதே மலையில் கார் நின்றது. போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடித்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். அழுத கண்ணோடு நின்றவளைப் பார்த்து இரக்கப்பட்ட ஓர் அம்மா, விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் வைத்திருக்கிறோம் என்று சொல்லி, இந்தத் திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னார். இதைவிட்டால் இனிமேல் இல்லை. அடுத்த முறை கூப்பிடும்போது கோகிலாவுக்கு வயது எல்லை தாண்டியிருக்கும்.

தோட்டத்துச் சந்திக்கு வரும் முதல் பஸ்ஸைப் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி இரத்தினபுரி போனால், பரீட்சை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களைத்தான் பார்க்கலாம். முதல் நாளே போய்த் தங்கலாம் என்றால், அங்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய்க்குட்டி கூட இல்லை. மிச்சம் இருந்தது லயத்து வீட்டுப் பையன் சதீஸ் வாடகைக்கு ஓட்டும் மூன்று சக்கரத் திறீவீல். கோகிலா அதைத்தான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக எடுத்தாள்.

"சதீஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருவோமேங்க. விடியக்காலையிலயே வந்துருவான்."

"வீட்டு வாசல்ல கார நிப்பாட்டி வச்சிக்கிட்டு என் பொண்டாட்டி திறீவீல்ல போறதா?"

"போனா என்னா?"

"என்னாவா? அன்னைக்கு இந்தக் காராலதானே போச்சு? இந்தக் கார்லயேதான் ஒன்னைய நேரத்துக்குக் கொண்டுபோய் எறக்குவேன். எறக்கல்லேன்னா எம் பேரு சுரேந்திரன் இல்ல!"

கோகிலா அவன் பேரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் காரை அவன் ஓய்வுபெற்றுப் போன பெரிய கிளாக்கரிடமிருந்து வாங்கி ஆறேழு மாதம் இருக்கும். வாங்கியதிலிருந்து இதே கூத்துத்தான். வெயிலடித்தால் குதிரை. மலையில் பனி இறங்கினாலும் தூறல் போட்டாலும் முரண்டு. அதிலும் எல்லாத் தூறலிலும் நிற்குமா என்றால் அதுவும் கிடையாது. ஒரு நாள் கொட்டுகிற மழையில் எஹலியகொடை வரைக்கும் போய் வந்தது. இன்னொரு நாள் கோயில் வாசலைத் தாண்டவில்லை. இதற்கு யார் கணக்குப் பார்க்க முடியும்?

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மூக்கையா பெற்றோலில் தண்ணீர் என்றார். டாங்கியைக் கழற்றிக் கழுவினான். ஃபெக்டரி எலக்ட்ரீஷியன் கொயில் என்றார். புதுக் கொயில் போட்டான். கைப்பேசியில் ஒரு ஆள் பழைய காருக்கெல்லாம் கண்டென்சர்தான் எமன் என்று வீடியோ போட்டிருந்தான். கண்டென்சர், பொயின்ட், பிளக் நாலும், பிளக்குக்குப் போகும் வயர் நாலும் மாற்றினான். கொழும்பில் இருக்கும் மச்சான், எஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் எஞ்சின் வைக்கச் சொன்னார். மச்சானை என்ன சொல்லித் திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது. ஒவ்வொன்றை மாற்றிய அன்றும் வீட்டுக்கு வந்து கோகிலாவிடம், "புடிச்சிட்டேன் புள்ள! இதுதான் கேடு. இனி நிக்காது" என்று சொன்னான். ஒவ்வொரு தடவையும் அது நின்றது.

இதில் மெக்கானிக் றினாஸ் பாஸ் மேல்தான் அவனுக்குப் பெரிய எரிச்சல். தெரணியகலை டவுனில் மீராசாஹிப் போட்ட கராஜை இப்போது அவர் மகன் றினாஸ் நடத்துகிறான். பழைய வண்டி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவனிடம்தான் போவார்கள். ஆனால் மொறிஸ் அங்கே போனால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். மலையில் நின்ற கார், கராஜுக்குள் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடும். றினாஸ் பொனட்டைத் திறப்பான், கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு பழந்துணியை எடுத்து எதையோ துடைப்பான். "செரி அண்ணன், கொண்டு போங்க" என்பான். கூலி கேட்டால், "இதுக்கு என்னத்த வாங்குறது?" என்று கையை உதறுவான். கூலி வாங்காத பாஸ் வேலை செய்யாத பாஸ் என்பதில் சுரேந்திரனுக்குச் சந்தேகமே கிடையாது.

கார் வாங்கிய புதிதில் றினாஸ்தான் அவனுக்கு எஞ்சினைக் காட்டிக் கொடுத்தான். பக்கவாட்டில் இருந்த கறுப்பு மூடி ஒன்றைத் தட்டி, "இதுதான் டிஸ்ரிபியூட்டர் அண்ணன். கொயில்லருந்து வார நெருப்ப நாலு பிளக்குக்கும் பிரிச்சிக் குடுக்கிறது இதுதான். வண்டிட உசுரு இதுலதான் ஈக்கிது" என்றான்.

சுரேந்திரன் அதை மனதில் வாங்கிக்கொண்டான். அதுவரைக்கும் எல்லோரையும் போல வெள்ளிக்கிழமைகளில் காருக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவன், நெற்றியில் வைத்து என்ன புண்ணியம், உசுரில் அல்லவா வைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாது. குளித்து, விபூதி பூசி, பொனட்டைத் திறந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்தக் கறுப்பு மூடியின் தலையில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சுற்றிலும் விபூதிப் பட்டை போடுவான். கராஜிலிருந்து திரும்பும் நாட்களில் இன்னும் விசேஷம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சந்தனத்தை இரண்டு மடங்காகப் பூசுவான். இவ்வளவு பக்தியாக வைத்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இந்தக் கார் இப்படிச் செய்யலாமா என்பதுதான் அவனுடைய தீராத மனத்தாங்கல்.

மாடசாமி வளைவில் நின்றதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, விடிந்ததும் விடியாததுமாகக் காரைக் கொண்டுபோய் றினாஸின் கராஜுக்குள் நிறுத்தினான். றினாஸ் பொனட்டைத் திறந்தான். பார்த்தான். பெருமூச்சு விட்டான். பழந்துணியை எடுத்தான்.

"நிப்பாட்டு!" என்று சுரேந்திரன் கத்தினான். "தொடைக்கிறதுக்கு எனக்கு ஒரு பாஸ் வேணுமா? தொடைக்க எனக்குத் தெரியாதா? மாசக்கணக்கா தொடச்சிக்கிட்டே இருக்கியே, வேற ஒன்னுமே ஒனக்குத் தெரியாதா?"

"அண்ணன், கொஞ்சம் கேளுங்க..."

"நீ கேளு! திங்கக்கிழமை என் பொண்டாட்டிக்கு இன்டர்வியூ. கடேசி இன்டர்வியூ. இந்த வண்டியால ஒரு தடவ அவ வாழ்க்கையில மண்ணு விழுந்திருச்சி. இன்னொரு தடவ விழுந்தா நான் அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? அவ மொகத்த எப்படிப் பாப்பேன்?"

றினாஸ் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த மூடில ஒன்டும் படாம வச்சிக்கோங்க அண்ணன். சுத்தமா, காய்ஞ்சபடி. அவ்வளவுதான்" என்றான்.

"மழ படாம எப்படிப்பா வச்சிக்க முடியும்? இது தெரணியகலையா, பாலைவனமா?"

"மழ மட்டும் செல்லல்ல..." என்று இழுத்தான் றினாஸ். மழை இல்லாமல் வேறு எதைச் சொல்கிறான் என்பது வெளியே வரவில்லை.

சுரேந்திரனுக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது. "ஒன்னு செய். நாளைக்கு நீ மலைக்கு வா. என் பக்கத்துல ஒக்காரு. நிக்கிறத ஒன் கண்ணால பாரு. இங்க வச்சிப் பாத்துட்டு நல்லா இருக்கு நல்லா இருக்குன்னா நான் என்னா பண்றது?"

றினாஸ் துணியை மடித்துத் தோளில் போட்டான். "செரி. பின்னேரம் அஸர் தொழுதுட்டு வாரன்" என்றான். ஏதோ கசாயம் குடிக்க ஒப்புக்கொண்டவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

அன்று மாலை சுரேந்திரன் வைத்த பூசை மாதிரி அந்தக் காருக்கு எப்போதும் நடந்ததில்லை. சந்தனத்தை நிறையக் குழைத்தான். மூடி கறுப்பா வெள்ளையா என்று தெரியாத அளவுக்குப் பூசினான். "திங்கக்கிழம ஒரு நாள், ஒரே ஒரு நாள் மானத்தக் காப்பாத்திக் குடு மாடசாமி" என்று வாய்விட்டுக் கும்பிட்டான். றினாஸ் சொன்னதை மறக்காமல், மழை படக்கூடாது என்று பொனட்டின் மேல் பெரிய பொலித்தீன் தாளைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்தான். உள்ளே இரவெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது?

சனிக்கிழமை பின்னேரம் றினாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து, அதை ஃபெக்டரியில் விட்டுவிட்டுக் காரில் ஏறினான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறல். மலை முழுக்க மூட்டம் இறங்கி, பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. இறக்கத்தில் கார் சமர்த்தாகப் போனது. சந்தியில் திருப்பி ஏற்றத்தில் விட்டதும், கோயில் வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்ட ஆரம்பித்தது.

"பாத்தியா! பாத்தியா!" சுரேந்திரனின் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம் இருந்தது. ஒரு சாட்சி கிடைத்துவிட்டதல்லவா?

"நிக்க உடாதீங்க அண்ணன்! கியர எடுங்க, எக்ஸிலேட்டர மிதிங்க, ஹேண்ட் பிரேக்க இழுங்க. சோக்க முழுசா இழுத்து உட்டா கால எடுத்தாலும் ஓடும், எறங்கி வாங்க!"

றினாஸ் குதித்திறங்கிப் பொனட்டைத் தூக்கினான். சுரேந்திரன் பின்னால் ஓடினான். எஞ்சின் காய்ச்சல்காரன் போல உதறிக்கொண்டிருந்தது. றினாஸ் விரலை நீட்டிக் காட்டினான்.

அந்த மங்கல் வெளிச்சத்தில் சுரேந்திரன் பார்த்தான். டிஸ்ரிபியூட்டர் மூடியின் தலையில், ஈரம் ஊறிய சந்தனத்தின் மேல், நீல நிறத்தில் மெல்லிய நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக் என்ற சத்தத்தோடு ஒரு வயரின் காலிலிருந்து கிளம்பி, விபூதிப் பட்டை வழியே ஊர்ந்து, குங்குமத்தைச் சுற்றி, அடுத்த வயரின் காலில் போய் இறங்கியது. நாலு பிளக்குக்கும் போகவேண்டிய நெருப்பு அங்கேயே, அவன் பூசிய பூச்சிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை விக்கிவிட்டு எஞ்சின் நின்றது. நீல நெருப்பும் போய்விட்டது.

சுரேந்திரனுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிற்று. நின்ற பிறகு எஞ்சின் சூட்டில் பூச்சு காயும், காய்ந்ததும் பிடிக்கும். கராஜில் துடைத்த பிறகு ஓடும். திரும்பி வந்து பூசை வைத்ததும் நிற்கும். எஹலியகொடை வரைக்கும் ஓடிய அந்த மழை நாள் ஒரு வியாழக்கிழமை; முந்திய வெள்ளி பூசியது காய்ந்து உதிர்ந்திருக்கும். கண்டென்சரும் இல்லை, கொயிலும் இல்லை. அவன் கைதான்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

றினாஸ் தலையை ஆட்டினான்.

"எப்பருந்து?"

"ரெண்டாந்தரம் கொண்டு வந்த நாள்லருந்து."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல்ல?" சுரேந்திரன் அவன் சட்டையைப் பிடிக்காத குறைதான். "வாயில என்னா, கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கு அவ நேரத்துக்குப் போயிருப்பாளே!"

"எப்பிடி அண்ணன் செல்றது?" றினாஸின் குரலும் உயர்ந்துவிட்டது. "நீங்க ஒங்கட சாமிக்கு வச்சத, நான் ஒருத்தன், எடுத்து வீசுங்கன்டு செல்லேலுமா? இந்தக் காலத்துல ஒரு வார்த்த எங்க போய் முடியும்ன்டு யாருக்குத் தெரியும்? வாப்பா அந்த கராஜப் போட்ட நாள்லருந்து ஒங்கட ஆக்கள்தான் எங்களுக்குச் சோறு. அதுதான் தொடச்சித் தொடச்சி அனுப்பினன். நீங்களா வெளங்கிக்குவீங்கன்டு நெனச்சன். நீங்க வரவர கூடத்தானே பூசுறீங்க!"

"என்னைய அப்படிப்பட்டவன்னா நெனச்ச?"

"ஒங்கள நெனக்கல்ல அண்ணன். ஊர நெனச்சன்."

சுரேந்திரனுக்குக் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. றினாஸை நம்பாமல் மாதக்கணக்காக வாய்க்கு வந்தபடி பேசியது சுரேந்திரன். அவன் மனம் புண்படக்கூடாது என்று அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றது றினாஸ். இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது கோகிலாவின் வேலை.

மூடியைத் துடைக்க வேண்டும். றினாஸின் தோளில் பழந்துணி இருந்தது. கராஜில் எத்தனையோ தடவை துடைத்த அந்தக் கை, இப்போது சுரேந்திரன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நீளவில்லை. சுரேந்திரனுக்கோ சாமிப் பொட்டை எண்ணெய்த் துணியால் துடைக்க மனம் வரவில்லை. இரண்டு பேரும் தூறலில் நனைந்துகொண்டு பொனட்டுக்குள் பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் சுரேந்திரன் சட்டைப் பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தான். "மன்னிச்சிக்க சாமி. இருக்க வேண்டிய எடம் இது இல்ல" என்று சொல்லிவிட்டு, மூடியை அழுத்தித் துடைத்தான். வயர் கால்களின் இடுக்கையெல்லாம் விரல் விட்டு வழித்தான். கைக்குட்டை மஞ்சளும் சிவப்புமாகியது.

"இனி நெத்தியில வைங்க அண்ணன், வெளியால" என்றான் றினாஸ். "நானே செல்றன். எவ்வளவு வேணும்ன்டாலும் வைங்க."

சாவியைத் திருகியதும் பிடித்தது. ஏற்றம் முழுக்க ஒரு வெட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கவே இல்லை. மழையில் போனான், மூட்டத்தில் போனான், வேண்டுமென்றே கோயில் வளைவில் நிறுத்தி, நிறுத்தி எடுத்தான். கார் தங்கம் மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நீல நெருப்பு எப்படி ஓடியது என்று விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினான். தான் ஒரு மடையன் என்பதையும் வாய்விட்டுச் சொன்னான். இப்படி அவன் சொன்னதே இல்லை.

"புடிச்சிட்டேன் புள்ள. இதுதான் கேடு. இனி நிக்காது."

கோகிலா கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லதுங்க" என்றாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, சேலையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கதிரையில் போட்டாள்.

திங்கட்கிழமை விடியும் முன்னரே அவன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே லயத்துப் பக்கமிருந்து ஒரு லைட் ஏறி வந்தது. சதீஸின் திறீவீல். அது வந்து காருக்குப் பின்னால் நின்றது.

"என்னாடா இங்க?"

சதீஸ் தலையைச் சொறிந்தான். "டீச்சர் வரச் சொன்னாங்க அண்ணே. வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்க."

கோகிலா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுரேந்திரனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"என்னா புள்ள இது? வண்டிதான் சரியாயிருச்சே! நேத்தெல்லாம் ஓட்டிப் பாத்தேனே! ஏன் நிக்கிதுன்னே கண்டுபுடிச்சாச்சே!"

"சரியாத்தான் ஆயிருக்கும். நான் இல்லேன்னு சொல்லல்ல."

"அப்பறம் என்னா?"

கோகிலா திறீவீல் பக்கம் ஓர் எட்டு வைத்தாள். "கண்டென்சர் மாத்துன அன்னைக்கும் நீங்க இப்படித்தான் சந்தோஷமா வந்து சொன்னீங்க. கொயில் மாத்துன அன்னைக்கும் சொன்னீங்க. போன மாசம் இன்டர்வியூக்குப் பொறப்படக்குள்ளயும் இதே வாசல்ல நின்னு சொன்னீங்க. நான் ஏறி ஒக்காந்தேன்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னைக்கும் நம்பிக்கிட்டு ஒக்கார எனக்குத் தெம்பு இல்லீங்க. கோவிச்சிக்காதீங்க."

சொல்லிவிட்டுத் திறீவீலில் ஏறிக்கொண்டாள். சதீஸ் திருப்பி எடுத்தான்.

சுரேந்திரன் கையிலிருந்த துணியை வீசிவிட்டுக் காரில் ஏறி, திறீவீலுக்குப் பின்னாலேயே விட்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. திறீவீல் எங்காவது நின்றால் ஏற்றிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான்.

திறீவீல் எங்கும் நிற்கவில்லை. மொறிஸும் நிற்கவில்லை. கோயில் வளைவில் மூட்டம் கண்ணை மறைத்தது, ஒரு விக்கல் இல்லை. எஹலியகொடையில் மழை வாளியால் ஊற்றியது, ஒரு வெட்டு இல்லை. முன்னால் போகும் திறீவீலின் பின் பொலித்தீன் தாளுக்கூடாக அவள் தலை மங்கலாகத் தெரிந்தது. அவன் பக்கத்து சீட் துடைத்தது துடைத்தபடி கிடந்தது. இத்தனை மாதமாக நிற்காதே நிற்காதே என்று கெஞ்சியவன், குருவிட்டை தாண்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "நின்னு தொலையேன்! ஒரு தடவ நின்னு தொலையேன்!" என்று காரைத் திட்டினான். நின்றால் அவள் திறீவீலில் போனது இந்தப் பாழாய்ப்போன காரினால் என்றாவது ஆகும். அது நிற்கவில்லை. அவள் நம்பாமல் போனது காரை அல்ல என்பதை அந்த எஞ்சின் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது.

இரத்தினபுரியில் அலுவலக வாசலில் குடை பிடித்தபடி ஃபைலும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. கோகிலா இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, நேரே காருக்கு வந்தாள். குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தாள்.

"நின்னுச்சா?"

"இல்ல."

"எங்கயுமேவா?"

"எங்கயுமே நிக்கல்ல புள்ள. அந்த மழையிலயும் நிக்கல்ல."

அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்பு. ஜன்னலில் இருந்த அவன் கையை ஒரு தடவை அழுத்தினாள். "நல்லதுங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து, திறீவீலைத் திருப்பப் போன சதீஸைப் பார்த்து, "தம்பி, போயிறாதீங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் நில்லுங்க" என்றாள்.

சுரேந்திரன் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு, "நீ போ. அவன் நிப்பான். நானும் நிக்கிறேன்" என்றான்.

கோகிலா படியேறி உள்ளே போனாள். உள்ளே பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் பெயர் இன்னும் வரவில்லை.